பெண்களுக்குக் கடன்: குழுவாகப் போனால் எளிது, தனியாகப் போனால் ஏன் கடினம்?

சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் வாங்கியவர்களில் 68 சதவீதம் பேர் பெண்கள் என்று மத்திய அரசு சொல்கிறது. அதே அரசின் உத்யம் தளத்தில் பதிவான குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் பெண்களுக்குச் சொந்தமானவை ஏறத்தாழ 20 சதவீதம்தான். மொத்த முதலீட்டில் அவற்றின் பங்கு 11 சதவீதம், விற்றுமுதலில் 10 சதவீதம் என்கிறது 2024 தொடக்கத்தில் வெளியான கணக்கு.

முதல் எண்ணைப் படித்தவர், பெண்களுக்கு வங்கிக் கதவு அகலத் திறந்துவிட்டது என்று நினைப்பார். இரண்டாவதைப் படித்தவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே சந்தேகம் வரும். இரண்டு எண்களும் சரிதான். இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால், பெண்கள் தொழிலில் வளர வங்கிகள் எதைச் செய்யலாம், எது வெறும் மகளிர் தின விளம்பரம் என்பது பிரிந்து தெரியும்.

## எண்ணிக்கை வேறு, தொகை வேறு

முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8-ல் தொடங்கியது. சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை கடன் உண்டு. தருண் கடனை வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை தரும் புதிய பிரிவும் சேர்ந்தது. முதல் 10 ஆண்டுகளில் 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள், மொத்தம் 32.61 லட்சம் கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கடனின் சராசரி 63,000 ரூபாய்க்குள் நிற்கிறது. பெட்டிக்கடைக்குச் சரக்கு போடவும் தையல் இயந்திரம் வாங்கவும் இது போதும். நான்கு பேரை வேலைக்கு வைத்து ஒரு பட்டறை நடத்தப் போதாது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்கும் இப்படித்தான். தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடி இடம் உண்டு. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-ல் வேளாண்மை, கிராம வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை நாடளவில் ஆரம்பித்தது. 2024 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 77 லட்சம் குழுக்கள் வங்கிகளுக்குத் தர வேண்டிய பாக்கி 2.59 லட்சம் கோடி ரூபாய். ஒரு குழுவுக்குச் சுமார் 3.35 லட்சம் வருகிறது. குழுவில் 12 பேர் என்று வைத்தால் ஆளுக்கு 28,000. நல்ல கறவை மாடு ஒன்றுகூட இந்தப் பணத்துக்குள் வராது.

இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஊக்குநர், பிரதிநிதி, தீர்மான நோட்டு, வாரச் சேமிப்பு என்ற ஏற்பாட்டை மட்டும் நம்பி, சொத்து எதையும் எழுதி வாங்காமல் வங்கிகள் கடன் கொடுக்கின்றன. அதில் வாராக்கடன் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொடுத்துவிட்டுத் தள்ளுபடி செய்த வங்கிகளுக்கு இது பொறாமைப்பட வேண்டிய எண்.

ஆனால் சிறு கடனோடு நிற்பது தற்செயல் இல்லை. விதியிலேயே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறை விதிப்படி, வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை வேளாண்மை, சிறு தொழில் போன்ற துறைகளுக்குத் தர வேண்டும். அதற்குள் 12 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு. தனிப்பட்ட பெண்ணுக்குத் தரும் கடன் அந்த நலிந்த பிரிவுக் கணக்கில் சேர வேண்டுமானால் அதற்கு உச்சவரம்பு உண்டு: நீண்ட காலம் 1 லட்சமாக இருந்தது, 2025-ல் 2 லட்சமானது. ஒரு பெண்ணுக்கு 15 லட்சம் கொடுத்தால் அது சிறு தொழில் கடனாக எண்ணப்படும். பெண் என்பதற்காக வங்கிக்குத் தனி மதிப்பெண் எதுவும் கிடைக்காது. ஒரே பெண்ணின் தொழிலை வளர்ப்பதைவிட 30 பெண்களுக்கு 50,000 கொடுப்பது கிளைக்கு லாபம். பெண் என்றால் சிறு கடன்காரர் என்ற எண்ணம் மேலாளரின் மனதில் மட்டும் இல்லை, விதிப்புத்தகத்திலும் இருக்கிறது.

## மூன்று சொற்கள்

வங்கியில் குழப்பத்தை உண்டாக்கும் மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. பிணை: கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கும் சொத்து. நிலம், வீடு, நகை, வைப்புத்தொகை எல்லாம் இதில் அடங்கும். கடனைக் கட்டாவிட்டால் வங்கி இதை விற்கலாம்.

2. ஜாமீன்: இன்னொருவர் போடும் கையெழுத்து. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும். கணவரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்வது இந்த வகைதான், அல்லது அவரையும் சேர்த்துக் கூட்டுக் கடன்தாரர் ஆக்குவது.

3. கடன் உத்தரவாதம்: அரசு சார்ந்த ஒரு நிதியம் வங்கிக்குத் தரும் வாக்குறுதி. கடன் மூழ்கினால் நட்டத்தில் ஒரு பங்கை நிதியம் வங்கிக்குக் கொடுக்கும். இதற்காக 2000-ல் மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தை அமைத்தன.

மூன்றாவதைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். அரசு உத்தரவாதம் இருக்கிறது, கட்டாவிட்டால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று கடன் வாங்குபவர்களில் சிலர் நினைக்கிறார்கள். அந்தக் காப்பு வங்கிக்கு மட்டுமே. கடன் வாங்கியவரின் பாக்கி அப்படியே நிற்கும், கடனை எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் சரியும்.

இந்த நிதியம் பெண்களின் தொழிலுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் பங்கு நட்டத்தை ஏற்கிறது, ஆண்டுக் கட்டணத்தில் 10 சதவீதம் சலுகையும் தருகிறது. பிணையோ மூன்றாம் ஆள் ஜாமீனோ இல்லாமல் கடன் போக வேண்டும் என்பதே இதன் நோக்கம். 10 லட்சம் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவு போட்டது. கணவரின் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குத் தொழில் கடன் தரக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது.

அப்படியானால் கிளையில் ஏன் கேட்கிறார்கள்? மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். உடனே அனுமதித்தவர் யார், நேரில் போய்ப் பார்த்தாரா, எந்தத் தாள் விடுபட்டது என்று விசாரணை வரும். உத்தரவாத நிதியத்திடம் பணம் கேட்கப் போனாலும் ஒவ்வொரு தாளும் சரியாக இருக்க வேண்டும். பட்டாவும் கணவரின் கையெழுத்தும் கடனைவிட மேலாளரின் வேலையைத்தான் பாதுகாக்கின்றன. தலைமை அலுவலகம் சுற்றறிக்கையில் பிணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விசாரணையில் பிணை ஏன் வாங்கவில்லை என்று கேட்கும் வரை கிளை மாறாது.

## பட்டா யார் பெயரில்?

பிணை என்றதும் நிலத்துக்குப் போகிறோம், அங்கே கதை இன்னும் பழையது. தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. தந்தை 2005-ல் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை, பிறப்பாலேயே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது.

சட்டம் இப்படி இருக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக் கொடுத்து எழுதுவது. கல்யாணத்துக்குச் செய்தாகிவிட்டது, சீர் கொடுத்தாகிவிட்டது, தம்பி பெயரில் எழுதிக் கொடுத்துவிடு என்பார்கள். பிறந்த வீட்டு உறவு முறியக் கூடாதே என்று அக்காவும் கையெழுத்துப் போடுவார். பத்தாண்டு கழித்து அவரே தொழில் கடன் கேட்டுப் போகும்போது மேலாளர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்பார். அன்று எழுதிக் கொடுத்தது இன்று இங்கே வந்து நிற்கும். 10 லட்சம் ரூபாய்க்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. நல்ல ஏற்பாடு. அதன் பலன் வங்கிக் கணக்கில் தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

பெண்ணின் பெயரில் உறுதியாக இருக்கும் ஒரே சொத்து நகை. அதனால்தான் நகைக்கடன் அரை மணி நேரத்தில் கிடைக்கிறது. யாரும் கணவரைக் கூப்பிடுவதில்லை, தொழில் என்ன என்று கேட்பதுமில்லை. வட்டியும் முத்ராவுக்குப் பெரிதாக மேலில்லை. ஆனால் வங்கி நம்புவது தங்கத்தை, கடையை அல்ல. பத்து முறை வைத்து மீட்டாலும் அந்தத் தொழிலைப் பற்றி வங்கிக்கு எதுவும் தெரியவராது. பதினோராவது முறையும் தொகையைத் தீர்மானிப்பது தராசுதான்.

## ஒரு மாவு வியாபாரத்தின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு நகரத்தில் இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடும் பெண். தினம் 100 கிலோ, கிலோ 35 ரூபாய். மாதம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் விற்பனை. அரிசி, உளுந்து, மின்சாரம், பை, வண்டிச் செலவு, கூலி போகக் கிலோவுக்கு 8 ரூபாய் நின்றால் மாதம் 24,000 கையில் வரும்.

சித்திரை, வைகாசியில் மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது. கடைக்காரர் மறுநாள் திருப்பிக் கொடுப்பார், அது மாவு அரைப்பவரின் நட்டம். ஒரு பெரிய கிரைண்டரும் குளிர்பெட்டியும் இருந்தால் அளவை இரட்டிப்பாக்கலாம், திரும்பி வருவதும் குறையும். அதற்கு 3 லட்சம் வேண்டும். 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 6,500. இன்றைய வருமானத்திலேயே கட்டிவிட முடியும்.

வங்கியில் இந்த விண்ணப்பம் எப்படித் தெரிகிறது?

1. நிலம் மாமனார் பெயரில். அடுப்படியை ஒட்டிய கொட்டகையில் தொழில் நடக்கிறது, தனிக் கடை முகவரி இல்லை.

2. கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை மகனின் கணக்குக்குப் போகிறது. அவனிடம்தான் முதலில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு மேல் விற்கும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் கேஸ் மானியமும் மட்டுமே வந்து விழுகின்றன.

3. பாதிக் கடைகள் வாரக் கணக்கில் ரொக்கமாகத் தருகின்றன. அதற்குச் சாட்சி ஒரு நீல அட்டை நோட்டு.

4. கணவரைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்த்தால், அவருடைய பழைய பைக் கடன் பாக்கி சிபிலில் எட்டிப் பார்க்கிறது. அவருடைய மதிப்பெண்ணுக்காக இவருடைய விண்ணப்பம் விழுகிறது.

5. குழுவில் எட்டு ஆண்டாகத் தவணை தவறாமல் கட்டியிருக்கிறார். கடன் குழுவின் பெயரில் இருந்ததால் அந்த ஒழுங்கு அவருடைய தனி வரலாற்றில் சரியாக ஏறவில்லை.

அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற பதிலோடு வெளியே வருபவருக்குத் தண்டல்காரர் காத்திருக்கிறார். 10,000 எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார். நாளுக்கு 100 வீதம் 100 நாள். கேட்கப் பத்து சதவீதம் போல இருக்கும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல். ஆனாலும் ஏன் போகிறார்கள்? தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார், தாள் கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட, மாவு வியாபாரத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறார். வங்கியிடம் இல்லாத தகவல் அவரிடம் இருக்கிறது. கடன் தொழிலில் அதுதான் மூலதனம்.

## தகவல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள்

1974-ல் அகமதாபாத்தில் உழைக்கும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் இளா பட் முன்னெடுப்பில் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள், பீடி சுற்றுபவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் படம் ஒட்டிய அடையாளம், வாசலுக்கே போய்ப் பணம் வசூலிப்பது என்று தண்டல்காரரின் வேலைமுறையை, அவருடைய வட்டியை விட்டுவிட்டு, வங்கிக்குள் கொண்டுவந்தார்கள்.

மகாராஷ்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் மஸ்வட் என்ற வறட்சிப் பகுதியில் 1997-ல் சேத்னா சின்ஹா தொடங்கிய மாண் தேசி மகளிர் கூட்டுறவு வங்கியின் கதை இன்னும் ருசியானது. முதல் விண்ணப்பத்தை ரிசர்வ் வங்கி திருப்பியது. பங்குதாரர்களில் பலர் கைநாட்டு வைத்திருந்தது காரணம். பெண்கள் சில மாதம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மறுபடி போனார்கள். எந்தத் தொகைக்கும் வட்டியை மனக்கணக்காகச் சொல்கிறோம், உங்கள் அதிகாரிகள் கால்குலேட்டர் இல்லாமல் சொல்லட்டும் என்று அங்கேயே சவால் விட்டார்கள். உரிமம் கிடைத்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பாரதிய மகளிர் வங்கி. 2013 நவம்பர் 19-ல் 1,000 கோடி ரூபாய் மூலதனத்தோடு மத்திய அரசு தொடங்கியது, 2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் வங்கியோடு இணைந்து முடிந்தது. இணைக்கும்போது அரசு சொன்ன கணக்கு: மூன்று ஆண்டில் மகளிர் வங்கி பெண்களுக்குக் கொடுத்த கடன் 192 கோடி, ஸ்டேட் வங்கிக் குழுமம் பெண்களுக்குக் கொடுத்திருந்தது ஏறத்தாழ 46,000 கோடி. பெண்களே பணிபுரியும் கிளைகள்கூட ஸ்டேட் வங்கியில் 126, மகளிர் வங்கியில் 7.

பெண்களுக்கென்று தனி வங்கி தேவையில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. சேவாவும் மாண் தேசியும் பெண்களுக்கான தனி வங்கிகள்தான். அவை வசூல் முறையையும் தாளையும் நேரத்தையும் பெண்ணின் வேலைக்கு ஏற்ப மாற்றின. மகளிர் வங்கி நகரங்களில் வழக்கமான கிளைகளைத் திறந்து பெயர்ப்பலகையை மாற்றியது.

## கிளையில் செய்யக்கூடியவை

புதிய திட்டம் எதுவும் வேண்டாம். இருக்கிற விதிகளுக்குள்ளேயே இவ்வளவு செய்யலாம்.

1. குழுவில் கட்டியதைத் தனி வரலாறாக மாற்றுவது. குழு உறுப்பினர்களின் தனிப்பட்ட விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே சொன்னது. 2025 மத்திய பட்ஜெட்டில் குழுப் பெண்களுக்காகக் கிராமியக் கடன் மதிப்பெண் அறிவிக்கப்பட்டது. தீர்மான நோட்டில் எட்டு ஆண்டாக ஏறிய எண்களைக் கணினியில் ஏற்றும் சலிப்பூட்டும் வேலை இது. எல்லா விளம்பரங்களையும்விடப் பலன் தரும் வேலையும் இதுதான்.

2. கியூஆர் அட்டையை அவர் பெயரில் கொடுப்பது. ஆறு மாதம் விற்பனைப் பணம் அவர் கணக்கில் விழுந்தால் அடுத்த விண்ணப்பம் வேறு மாதிரி இருக்கும். சம்மதம் பெற்றுக் கணக்கு விவரங்களை வங்கிகளுக்குள் பகிரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாடு 2021 முதல் இயங்குகிறது. அது உதவ வேண்டுமானால் முதலில் பகிர்வதற்கு அவருடைய கணக்கில் ஏதாவது இருக்க வேண்டும்.

3. தவணையைத் தொழிலின் ஓட்டத்துக்கு அமைப்பது. மாவுக்காரருக்கு வாரத் தவணை எளிது, மாதத் தவணை பாரம். ஜவுளி தைப்பவருக்குத் தீபாவளிக்குப் பின் கட்டுவது எளிது. எல்லோருக்கும் மாதம் 5-ம் தேதி என்பது சம்பளக்காரர்களுக்காக வந்த பழக்கம்.

4. முதல் கடனிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றுவது. 50,000 கட்டி முடித்தவர் மறுபடி 50,000-க்கே வருகிறார் என்றால் வங்கி அவரிடம் பேசவில்லை என்று பொருள். உத்யம் பதிவு, கணக்கு எழுதுவது, ஓவர் டிராஃப்ட் வரம்பு என்று 5 லட்சத்துக்கான தாள்களை முதல் கடன் காலத்திலேயே தயார் செய்ய வைக்கலாம்.

5. மறுப்பதை எழுத்தில் தருவது. ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிப்படி, கடன் விண்ணப்பத்துக்கு ரசீது தர வேண்டும், மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். குறு, சிறு தொழிலுக்கு 25 லட்சம் வரையிலான கடனில் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் விதி. கவுண்டரில் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். பல சமயம் அந்தக் கேள்வியே பேச்சின் தொனியை மாற்றிவிடும். பதில் வராவிட்டால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

10 லட்சம் முதல் 1 கோடி வரை புதிய தொழிலுக்குக் கடன் தர, ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு பெண்ணையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2016-ல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. 2025 மார்ச் வரை இருந்த அது முற்றிலும் புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே தொழில் நடத்தி, வளரக் காத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மாவுக்காரர் அந்த இரண்டாம் வகை.

## கடன் கொடுத்தால் போதுமா?

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பெண்களைக் கேட்டால் வேறு பதில் வரும். போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைத் தேடித் தேடிக் கடன் கொடுத்தன. வாராவாரம் வசூல், ஒன்றை அடைக்க இன்னொன்று. 2018-ல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் 1 லட்சம் இலங்கை ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களை அரசு ஏற்று ரத்து செய்யும் நிலை வந்தது. 2010-ல் ஆந்திரத்தில் நடந்ததும் இதே வகை. அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்தினார்கள்.

இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கான நுண்கடனில், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வருமானம் எவ்வளவு என்று யார் பார்ப்பது? கடன் கொடுப்பவர்தான். பெண்களிடம் எத்தனை கடன் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு வங்கியைப் பாராட்டுவதில் உள்ள ஆபத்து இது. கடன் வாங்கியவரின் விற்பனை ஏறியதா, கூலிக்கு ஆள் வைத்தாரா, அடுத்த கடன் பெரிதாக இருந்ததா என்பது எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

## மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பெண் தலைமை என்றால் மேடையில் பூங்கொத்து வாங்குவது நினைவுக்கு வரலாம். வங்கியில் அதற்கு நடைமுறைப் பொருள் உண்டு: கடனை அனுமதிக்கும் அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது, அதில் யார்.

1993-ல் ஏற்றுமதி, இறக்குமதிக்குக் கடன் தரும் எக்சிம் வங்கிக்குத் தர்ஜனி வகீல் தலைவரானார். பொதுத்துறை வணிக வங்கி ஒன்றுக்கு முதல் பெண் தலைவர் வந்தது 2000-ல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியில். 1995-96-ல் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டி, மூடிவிடலாமா என்று பேசப்பட்ட வங்கி அது. ரஞ்சனா குமார் பொறுப்பேற்ற இரண்டு ஆண்டுக்குள் லாபத்துக்குத் திரும்பியது. 2013-ல் அருந்ததி பட்டாச்சார்யா ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவர். அந்தச் சமயத்தில் பாங்க் ஆஃப் இந்தியா, ஐசிஐசிஐ, ஆக்சிஸ் என்று பல வங்கிகளின் தலைமையில் பெண்கள் இருந்தார்கள். அதன்பின் கூட்டம் கலைந்தது. ஸ்டேட் வங்கியில் அவருக்குப் பின் வந்த மூன்று தலைவர்களும் ஆண்கள்.

அந்தக் கூட்டம் எப்படி உருவானது என்பதில்தான் விளக்கம் இருக்கிறது. 1969-ல் வங்கிகள் நாட்டுடைமையாயின, கிளைகள் பெருகின, ஆள் எடுப்பது போட்டித் தேர்வுக்கு மாறியது. எழுபதுகளில் தேர்வெழுதி உள்ளே வந்த பெண்களில் சிலர் 40 ஆண்டு கழித்து மேலே வந்தார்கள். அருந்ததி பட்டாச்சார்யா சேர்ந்தது 1977. இன்று வங்கியில் சேரும் பெண்கள் அன்றைவிடப் பல மடங்கு. மேலே போகும் வழியில்தான் உதிர்கிறார்கள்.

உதிரும் இடமும் தெரிந்ததுதான். வங்கி அதிகாரிகளின் பதவிகள் ஸ்கேல் 1-லிருந்து மேலே போகும் படிகள். பெரும்பாலும் ஒவ்வொரு பதவி உயர்வோடும் மாற்றல் வரும். கிராமப்புறக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பிள்ளை பத்தாவது படிக்கும்போதும் மாமியார் படுக்கையில் இருக்கும்போதும் மாற்றல் உத்தரவு வந்தால், புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே கிளையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். திறமைக் குறைவு, ஆர்வக் குறைவு என்றெல்லாம் பின்னால் காரணம் சொல்லப்படும்.

2014-ல் மத்திய நிதி அமைச்சகம், மணமான பெண் ஊழியர்களைக் கணவர் பணிபுரியும் இடத்திலும், மணமாகாதவர்களைப் பெற்றோர் இருக்கும் இடத்திலும் முடிந்தவரை அமர்த்தும்படி பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியது. பலருக்கு அது பெரிய ஆறுதல். அதேசமயம், பெண் இருக்க வேண்டிய இடம் கணவர் இருக்கும் ஊர் என்று எடுத்துக்கொண்டு, வெளியூர் அனுபவத்தைக் கேட்கும் பதவி உயர்வு விதியை அது தொடவில்லை. ஸ்டேட் வங்கி அருந்ததி பட்டாச்சார்யா காலத்தில் கொண்டுவந்த இரண்டு ஆண்டு விடுப்பு, குழந்தையையோ முதியவரையோ கவனிக்க, இன்னும் நேரடியான மருந்து. விடுப்பிலிருந்து திரும்பியவரின் பணிமூப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் அதன் உண்மையான மதிப்பு தெரியும்.

இயக்குநர் குழுவில் பெண் வேண்டும் என்ற விதிகளும் உண்டு. 2013 நிறுவனச் சட்டம் குறிப்பிட்ட வகை நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களில் சார்பற்ற பெண் இயக்குநர் வேண்டும் என்ற, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேண்டியதுதான். ஆனால் மாவுக்காரரின் 3 லட்சத்தை இயக்குநர் குழு பார்ப்பதில்லை. கிளை மேலாளரும் அவருக்கு மேலே வட்டார அலுவலகத்தில் இருப்பவருமே பார்க்கிறார்கள். அந்த இரண்டு நாற்காலிகளும் ஸ்கேல் 2-லிருந்து 5-க்குள் வருபவை; பெண்கள் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் அந்தப் படிகளில்தான்.

பெண் மேலாளர் என்றால் பட்டா கேட்க மாட்டார் என்று சொல்ல வரவில்லை. விசாரணை பயம் அவருக்கும் உண்டு. மாற்றலுக்கும் கடனுக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது: மேலாளர் ஒரு கிளையில் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான். முதல் ஆண்டு ஊரைத் தெரிந்துகொள்ள, இரண்டாம் ஆண்டு குழுக்களின் ஊக்குநர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட. மூன்றாம் ஆண்டில், இந்த அம்மா நன்றாகக் கட்டுவார், தனிக் கடனே கொடுக்கலாம் என்று கோப்பை எடுக்கும்போது மாற்றல் உத்தரவு வந்துவிடும். புதிதாக வந்தவரின் மேசையில் அதே கோப்பு, முதல் பக்கத்திலிருந்து.